“பாசி சேர்த்த” என்னும் அடைமொழி: பொருளும் பிறப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சத்துமாவும் ராகி மால்ட்டும் கடலைமிட்டாயும் தயாரிக்கும் மகளிர் குழுக்களுக்கு, உறைகளில் அச்சிட வேண்டிய வாசகங்களைத் தமிழில் எழுதிக்கொடுத்து வருகிறேன். சுருள்பாசித் தூள் கலந்த பண்டங்கள் இப்பகுதியில் பெருகத் தொடங்கியதிலிருந்து, “பாசி சேர்த்த”, “பாசி செறிவூட்டிய” என்ற சொற்களைப் பற்றிக் குழுவினரும் வாங்குவோரும் உழவர்களும் மாணவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளையும், நான் அளிக்கும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

“பாசி சேர்த்த சத்துமாவு” என்று போட்டிருக்கிறீர்களே, அப்படியென்றால் என்னங்க?

இயல்பாகப் பாசி இல்லாத ஒரு பொருளில், தயாரித்தவர் தாமே முனைந்து பாசியைக் கலந்திருக்கிறார் என்பதே அதன் பொருள். அதற்குமேல் அச்சொல் எதையும் சொல்வதில்லை. எந்தப் பாசி, எவ்வளவு, முழுப் பாசியின் தூளா அல்லது அதிலிருந்து பிரித்தெடுத்த சாறோ எண்ணெயோ, எந்த நோக்கத்துக்காகச் சேர்த்தார்கள் என்பவையெல்லாம் அடைமொழிக்கு வெளியே நிற்கின்றன. அவற்றை உறையின் பின்புறத்தில்தான் தேட வேண்டும்.

நம் பகுதிச் சத்துமாவுகளில் சேர்வது பெரும்பாலும் ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசி. நுண்ணோக்கியில் பார்த்தால் இதன் இழைகள் சுருள் சுருளாகத் தெரியும். அதனால்தான் இலத்தீன் பெயரும் தமிழ்ப் பெயரும் சுருளையே சுட்டுகின்றன.

பாசிப்பயறு போட்ட மாவைத்தானே அப்படிச் சொல்கிறீர்கள்?

இல்லை. பாசிப்பயறு ஒரு பருப்பு வகை, அதன் பச்சைத் தோலால் அப்பெயர் பெற்றது. சுருள்பாசியோ நீரில் வாழும் நுண்ணுயிர். சத்துமாவில் ராகி, கம்பு, பொட்டுக்கடலை ஆகியவற்றோடு பாசிப்பயறும் வறுத்துச் சேர்க்கப்படுவதால் இந்தக் குழப்பம் மிகவும் இயல்பானது. படித்தவர்களும் இதில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே உறையின் முகப்பில் வெறுமனே “பாசி” என்று எழுத நான் ஒப்புவதில்லை. “சுருள்பாசி சேர்த்த” என்று முழுப் பெயரையும் எழுதிவிட்டால் இந்த ஐயம் எழவே எழாது. இந்தத் தொகுப்பில் சுருக்கம் கருதி “பாசி சேர்த்த” என்றே எழுதினாலும், உறையில் அந்தச் சுருக்கம் கூடாது.

குளத்திலும் அணையிலும் பச்சையாகப் படர்கிறதே, அந்தப் பாசியையா மாவில் போடுகிறார்கள்?

அதை அல்ல. உணவுக்கான சுருள்பாசி தொட்டிகளில் தனியாக வளர்க்கப்படுகிறது. சோடியம் பைகார்பனேட் முதலியவற்றைக் கலந்து, பிஎச் அளவு 9 முதல் 10 வரை இருக்கும்படி நீரைக் காரமாக்கி, ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அடிக்கடி கலக்கிவிட்டு வளர்ப்பார்கள். அவ்வளவு கார நீரில் வேறு பாசிகள் எளிதில் தலையெடுப்பதில்லை என்பதே இம்முறையின் பாதுகாப்பு. முற்றியதும் நெருக்கமான இழையுள்ள துணியில் வடித்து, நல்ல நீரில் கழுவி, பிழிந்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள்.

தென்பெண்ணையாற்றில் கழிவுநீர் கலந்து கிருஷ்ணகிரி அணையின் நீர் பச்சையாகத் தெரிவதைப் பார்த்தவர்கள் இக்கேள்வியை அச்சத்தோடு கேட்கிறார்கள். அந்த அச்சம் சரியானதே. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகுந்த நீரில் பெருகும் நீலப்பச்சைப் பாசிகளில், மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை கல்லீரலைத் தாக்கும் நச்சுப்பொருளை உண்டாக்கக்கூடியவை. “பாசி உடம்புக்கு நல்லதாம்” என்று கேள்விப்பட்டு ஏரியிலோ குட்டையிலோ வழித்தெடுத்த பாசியை உண்பதோ, மாட்டுக்குக் கொடுப்பதோ ஒருக்காலும் கூடாது.

“பாசி” தமிழ்ச் சொல்தானா? எப்போதிருந்து இருக்கிறது?

தமிழ்ச் சொல்லேதான், மிகப் பழைய சொல்லும்கூட. பசுமை என்பதன் அடியிலிருந்து பிறந்தது. குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர், “ஊருண் கேணி யுண்டுறைத் தொக்க பாசி யற்றே பசலை” என்கிறார். ஊரார் நீருண்ணும் கேணியின் துறையில் திரண்டிருக்கும் பாசி, கை பட்டால் விலகும், கையை எடுத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். காதலன் தொடும்போது நீங்கி, விடும்போது பரவும் பசலையும், அதாவது பிரிவால் மேனியில் படரும் நிறமாற்றமும், அப்படியே என்பது தலைவியின் கூற்று. பாசி, பசலை ஆகிய இரண்டு சொற்களுமே பசுமையின் கிளைகள் என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

அறிவியல் நூல்களில் ஆல்கா என்ற இலத்தீன் சொல்லுக்கு ஈடாகப் “பாசி” வைக்கப்பட்டது பின்னர் நடந்தது. அந்த இலத்தீன் சொல் கடலில் விளையும் பூண்டைக் குறித்தது. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவரப் பகுப்பில் அது ஒரு தொகுதியின் பெயராயிற்று. எனவே தமிழில் கேணித் துறையில் தொடங்கிய சொல்லும், ஐரோப்பாவில் கடற்கரையில் தொடங்கிய சொல்லும் ஒரே பாடப்புத்தகத்தில் ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அடைமொழியாக இது எங்கே பிறந்தது? சாப்பாட்டிலா, வேறு எங்காவதா?

பாசியை உண்ணும் வழக்கம் மிகப் பழையது. மெக்சிகோவின் டெஸ்கோகோ ஏரியிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பாசியை அஸ்டெக் மக்கள் அடையாக உலர்த்திச் சந்தையில் விற்றார்கள். ஆப்பிரிக்காவின் சாடு ஏரிப் பகுதியில் கனெம்பு மக்கள் இன்றும் அதை வடித்து, மணலில் உலர்த்தி, “டிஹே” என்ற பெயரில் குழம்பில் கரைத்துச் சிறுதானிய உணவோடு உண்கிறார்கள். ராகிக் களியோடு குழம்பை உண்ணும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பிரெஞ்சு ஆய்வாளர் டாங்கார்டு 1940இல் அதைப் பற்றி எழுதினார். 1960களின் நடுவில் பெல்ஜியத் தாவரவியலாளர் ழான் லெயோனார் அதை மீண்டும் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் இவர்களுக்கெல்லாம் பாசி ஓர் உணவுப்பொருள், அவ்வளவுதான். வேறொன்றில் சத்துக்காகச் சேர்ப்பது என்ற எண்ணமே பிற்காலத்தது.

“பாசி சேர்த்த” என்பது கலைச்சொல்லாக நிலைபெற்ற இடம் நெல்வயல். அதுவும் நம் நாட்டின் நெல்வயல். உரமிடாத வயல்களில் ஆண்டுதோறும் நெல் எப்படித் தளராமல் விளைகிறது என்ற கேள்விக்கு, நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன, அதாவது பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தாக மாற்றுகின்றன என்ற விடையை வங்காளத்து மண்ணை ஆராய்ந்த பி. கே. டே 1939இல் வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக, வளர்த்த பாசியை வேண்டுமென்றே வயலில் இடும் செயலுக்கு ஜி. எஸ். வெங்கடராமன் 1961இல் “ஆல்கலைசேஷன்” என்று பெயரிட்டார். பாசி இட்ட வயல், பாசி இடாத வயல் என்று ஒப்பிட்டுப் பேசும் வழக்கம் அங்கே உறுதிப்பட்டது. இன்று சத்துமாவு உறையில் காணும் அடைமொழிக்கு வயலில் ஒரு மூத்த உறவு இருக்கிறது என்பதை உழவர் குடும்பத்துப் பெண்களிடம் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

அப்படியானால் நெல்லுக்கு இடுகிற பாசியும் மாவில் சேர்க்கிற பாசியும் ஒன்றா?

ஒரே பெரும்பிரிவைச் சேர்ந்தவை, ஆனால் ஒன்றல்ல. வயலுக்கு இடப்படுபவை அனபீனா, நாஸ்டாக், டோலிபோத்ரிக்ஸ் போன்றவை. இவை நைட்ரஜனை நிலைப்படுத்தும். சுருள்பாசி அதைச் செய்யாது. அதற்குத் தழைச்சத்தை நாம்தான் நீரில் கொடுக்க வேண்டும். நடவு முடிந்து பத்து நாள் கழித்து, மண்ணோடு கலந்து உலர்த்திய நீலப்பச்சைப் பாசியை எக்டேருக்கு 10 கிலோ தூவுவது வழக்கமான பரிந்துரை. வயலுக்கான பாக்கெட் எக்காரணத்தாலும் சமையலறைக்கு வரக்கூடாது.

மாட்டுக்கு அசோலா போடுகிறோம். அதையும் பாசி சேர்த்த தீவனம் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. அசோலா நீரில் மிதக்கும் சிறிய பெரணிச் செடி. அதன் இலையிடுக்கில் ஒரு நீலப்பச்சைப் பாசி குடியிருந்து நைட்ரஜனை நிலைப்படுத்திக் கொடுக்கிறது என்பதால் பாசியோடு அதற்குத் தொடர்பு உண்டு. ஆனால் தொட்டியில் நாம் அள்ளுவது பெரணியைத்தான். “அசோலா கலந்த தீவனம்” என்று அதன் பெயரையே சொல்வது சரியாகவும் எளிதாகவும் இருக்கும். பாப்பாரப்பட்டி, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகினால் வளர்ப்பு முறையைக் கேட்டறியலாம்.

பிரியாணிக்குக் கல்பாசி போடுகிறோம், இனிப்புக்குக் கடல்பாசி போடுகிறோம். அவையும் இதில் வருமா?

கல்பாசி வராது. பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும் அது லைக்கன் எனப்படும் கூட்டுயிர். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்ந்தாலும் உடலின் பெரும்பகுதி பூஞ்சையே. தவிர, அதை மணத்துக்காகச் சேர்க்கிறோம், சத்துக்காக அல்ல. கல்பாசி போட்ட மசாலாவைப் “பாசி சேர்த்த மசாலா” என்று எழுதினால் படிப்பவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார்.

கடல்பாசி உண்மையான பாசிதான். அகர் அகர் என்றும் சைனா கிராஸ் என்றும் கடைகளில் கிடைப்பது, கெலிடியம், கிராசிலேரியா போன்ற செம்பாசிகளைக் கொதிக்கவைத்து எடுக்கும் கூழ். ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூச்சடக்கிக் கடலில் இறங்கிப் பாசி எடுப்பது பல தலைமுறைத் தொழில். எனினும் பாலையும் சர்க்கரையையும் கடல்பாசியால் உறையவைத்த இனிப்புக்குக் “கடல்பாசி” என்பது பெயர். பெயரே அதுவாக இருக்கும்போது “சேர்த்த” என்ற அடைமொழிக்கு அங்கே வேலையில்லை.

“சேர்த்த”, “கலந்த”, “செறிவூட்டிய” மூன்றும் ஒன்றுதானே? எது நன்றாக இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாமா?

அழகுக்காகத் தேர்ந்தெடுக்கக்கூடாது. “சேர்த்த”, “கலந்த” ஆகியவை செயலை மட்டும் சொல்கின்றன. “செறிவூட்டிய” என்பது விளைவைச் சொல்கிறது, அதாவது சேர்த்ததால் இன்ன சத்து அடர்த்தியாகியிருக்கிறது என்று உறுதி கூறுகிறது. செறிவு என்றால் அடர்த்தி. யுரேனியத்துக்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம்.

இச்சொல்லை வீடுதோறும் கொண்டுபோனது ரேஷன் அரிசிதான். அரசுத் திட்டங்களில் வழங்கும் அரிசி 2024க்குள் செறிவூட்டப்பட்டதாக இருக்கும் என்ற அறிவிப்பு 2021 ஆகஸ்ட் 15 அன்று வெளியான பிறகு, “செறிவூட்டப்பட்ட அரிசி” என்ற தொடர் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது. அந்த அரிசிக்கு அளவு வரையறை இருக்கிறது. ஒரு கிலோவில் இரும்புச்சத்து 28 முதல் 42.5 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 வைட்டமின் 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். ஆகவே அங்கே “செறிவூட்டப்பட்ட” என்ற சொல்லுக்குப் பின்னால் எண்கள் நிற்கின்றன.

நம் சத்துமாவில் ஒரு பிடி சுருள்பாசித் தூளைக் கலந்துவிட்டு அதே சொல்லை எழுதினால், ரேஷன் அரிசியால் அச்சொல்லுக்கு வந்த நம்பிக்கையை நாம் கடன் வாங்குகிறோம். எந்தச் சத்து எவ்வளவு கூடியது என்று ஆய்வக அறிக்கையோடு காட்ட முடியாதவரை “சேர்த்த” என்பதே நேர்மையான சொல் என்பது என் உறுதியான கருத்து.

“பாசிச் சேர்த்த” என்று ச் போட வேண்டுமா?

வேண்டாம். “பாசியைச் சேர்த்த” என்பதில் ஐ உருபு மறைந்து “பாசி சேர்த்த” ஆகிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் இப்படி வினை தொடரும்போது வல்லினம் மிகாது. “கதை சொன்னார்” என்பதில் ச் வராதது போலத்தான் இதுவும். உருபு வெளிப்படையாக நின்றால் மட்டும் “பாசியைச் சேர்த்த” என்று ச் வரும். “பாசிச்சத்து” என்பதில் ச் வருவதற்குக் காரணம், அது பாசியின் சத்து என்று ஆறாம் வேற்றுமையில் விரிவது.

ஐஸ்கிரீம், ஜெல்லி உறைகளில் 406, 407 என்று எண் இருக்கிறதே. அவையும் பாசி என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 406 என்பது மேலே சொன்ன அகர். 407 என்பது காரகீனன், அதுவும் செம்பாசியிலிருந்து வருவது. 401 என்பது சோடியம் ஆல்ஜினேட், பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கப்படுவது. இவை உணவைக் கெட்டியாக்கவும் உறையவைக்கவும் பயன்படும் கூழ்ப்பொருள்கள். பாசியின் புரதமோ நிறமோ இவற்றில் தங்குவதில்லை. ஆகவே இவற்றைப் “பாசியிலிருந்து எடுத்த பொருள்” என்று சொல்லலாம். “பாசி சேர்த்த” என்று விளம்பரம் செய்வது பொருந்தாது.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ ஜாம், மாம்பழ ஜெல்லி செய்பவர்கள் இதே கேள்வியை 440 பற்றிக் கேட்பார்கள். அது பெக்டின். எலுமிச்சை வகைப் பழங்களின் தோல், ஆப்பிள் சக்கை ஆகியவற்றிலிருந்து வருகிறது. பாசிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எங்கள் மாவில் நூறு கிராமுக்கு ஒரு கிராம்தான் போடுகிறோம். முகப்பில் பெரிதாக எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அளவையும் எழுத வேண்டும். பல பொருள்களைக் கலந்து செய்யும் உணவில் ஏதேனும் ஒன்றைச் சொல்லாலோ படத்தாலோ முகப்பில் முன்னிறுத்தினால், அது எத்தனை சதவீதம் என்று உறையில் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. சேர்மானப் பட்டியலையும் எடையின் இறங்குவரிசையில்தான் எழுத வேண்டும். ஒரு சதவீதப் பாசி அப்பட்டியலின் கடைசிக்கு அருகில்தான் வரும்.

அந்த ஒரு கிராம் என்ன செய்கிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். உலர்ந்த சுருள்பாசி 100 கிராமில் ஏறத்தாழ 57 கிராம் புரதமும் 28 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 120 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. ஒரு கிராமுக்கு அது அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் 0.28 மில்லிகிராம் இரும்பும் 1.2 மில்லிகிராம் கால்சியமும் ஆகிறது. மீதி 99 கிராமும் ராகியே என்று வைத்துக்கொண்டால், அது 7 கிராம் புரதமும் 4.5 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் 360 மில்லிகிராம் கால்சியமும் தருகிறது. கால்சியத்தைப் பொறுத்தவரை எந்தப் பாசியும் இல்லாமலே ராகி முன்னே நிற்கிறது. இம்மண்ணில் விளையும் அந்தத் தானியத்தின் பெயரைச் சிறிய எழுத்தில் போட்டுவிட்டுப் பாசியைப் பெரிய எழுத்தில் போடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அதைக் குழுவினரிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

அப்படியானால் ஒரு கிராம் பாசியால் பயனே இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. மேலே பார்த்த கணக்கு புரதத்துக்கும் இரும்புக்கும் கால்சியத்துக்கும் உரியது. சுருள்பாசியில் பீட்டா கரோட்டின் மிகுதியாக உண்டு. அது உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. சென்னையிலுள்ள முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம் சிற்றூர்களுக்கு ஏற்ற சுருள்பாசி வளர்ப்பு முறைகளை உருவாக்கியதோடு, குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு கிராம் அளவில் கொடுத்து, வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் தோன்றும் வெண்திட்டுகள் குறைகின்றனவா என்று ஆராய்ந்தது. நல்ல பலன் கிடைத்ததாக அந்த ஆய்வு தெரிவித்தது.

அந்த ஒரு கிராம் ஒரு குழந்தைக்கு ஒரு நாளுக்கு உரியது, நூறு கிராம் மாவுக்கு உரியதல்ல என்பதை மறக்கக்கூடாது. 20 கிராம் மாவில் கஞ்சி காய்ச்சினால், உங்கள் மாவிலிருந்து குழந்தைக்குக் கிடைப்பது 0.2 கிராம்தான்.

களி கிண்டினால், கஞ்சி காய்ச்சினால் பச்சை நிறமே தெரியவில்லை. சத்து போய்விட்டதா?

நிறத்தையும் சத்தையும் ஒன்றாக எண்ண வேண்டாம். சுருள்பாசியின் நீலத்துக்குக் காரணமான ஃபைகோசயனின் என்ற நிறமிப் புரதம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்குகிறது. பச்சையமும் சூட்டில் மங்கும். ராகியின் பழுப்பு நிறம் எஞ்சியதையும் மறைத்துவிடும். புரதமாக அதன் மதிப்பும் இரும்புச்சத்தும் கொதிப்பதால் மறைவதில்லை. நிறம் தெரிய வேண்டும் என்பதற்காகச் செயற்கைப் பச்சையைச் சேர்ப்பவர்கள் இருந்தால், அது வாங்குபவரை ஏமாற்றும் செயல்.

இது சைவமா? பி12 வைட்டமினும் கிடைக்கும் என்று விற்பவர் சொல்கிறாரே?

சைவம்தான். விலங்கிலிருந்து வரும் எதுவும் இதில் இல்லாததால் உறையில் பச்சைப் புள்ளிக் குறியே வரும்.

பி12 பற்றிய பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். சுருள்பாசியில் இருப்பதன் பெரும்பகுதி, பி12ஐ ஒத்திருந்தும் மனித உடலால் பயன்படுத்த முடியாத போலி வடிவம். இறைச்சியும் பாலும் அறவே உண்ணாதவர்கள் இதை நம்பி உரிய மருந்தைத் தவிர்த்தால் கேடு விளையும். செறிவூட்டப்பட்ட அரிசியில் சேர்ப்பது மெய்யான பி12. மேலே விளக்கிய “சேர்த்த”, “செறிவூட்டிய” என்ற சொற்களின் வேறுபாடு இங்கே நடைமுறையில் புலப்படும்.

எல்லோரும் சாப்பிடலாமா?

ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அவர்கள் உடலால் சரிவரச் சிதைக்க முடியாத ஃபீனைல் அலனின் சுருள்பாசிப் புரதத்தில் உண்டு. தன்னுடல் தாக்கு நோய்க்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து உட்கொள்பவர்களும், கருவுற்றவர்களும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே சேர்த்துக்கொள்வது நல்லது. கடற்பாசிகளில் அயோடின் மிகுந்திருக்கக்கூடும் என்பதால் தைராய்டு நோயாளிகள் அவற்றில் கவனமாக இருக்க வேண்டும். அதே எச்சரிக்கையைத் தொட்டியில் வளரும் சுருள்பாசிக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

“பாசி ஊட்டிய முட்டை” என்று ஒரு கடையில் பார்த்தேன். முட்டைக்குள் எப்படிப் பாசியை வைப்பார்கள்?

முட்டைக்குள் பாசி இல்லை. பாசி கலந்த தீவனத்தைக் கோழி உண்டது. அதன் கொழுப்பு அமிலங்களில் ஒரு பகுதி மஞ்சள் கருவுக்கு வந்து சேர்ந்தது. சில பாசிகளைத் தீவனத்தில் சேர்த்தால் முட்டையில் ஒமேகா 3 கூடுவது அறியப்பட்ட உண்மைதான். கோளாறு சொல்லில் இருக்கிறது. “பாசி ஊட்டிய” என்பது கோழியைச் சேர வேண்டியது, முட்டையின்மேல் தாவி உட்கார்ந்துவிட்டது. “பாசி ஊட்டிய கோழியின் முட்டை” என்று ஒரு சொல்லைக் கூட்டினால் குழப்பம் தீரும். “பாசி சேர்த்த” என்று முட்டைக்கு எழுதுவதோ முற்றிலும் தவறு.

சுருள்பாசி பாசியே இல்லை, பாக்டீரியா என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அப்படியானால் நீங்கள் எழுதுவது பொய்யாகாதா?

மகள் சொல்வது சரி. சுருள்பாசியின் உயிரணுவில் உட்கரு இல்லை. அது சயனோபாக்டீரியா என்ற பிரிவைச் சேர்ந்தது. உணவுக்கு வளர்க்கப்படும் இனத்தை இன்று ஆர்த்ரோஸ்பைரா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள், ஸ்பைருலினா என்பது வணிகப் பெயராக நிலைத்துவிட்டது. பாசி என்பது ஒரே குலத்தைக் குறிக்கும் சொல் அல்ல. நீரில் வாழ்ந்து, ஒளியைக் கொண்டு உணவாக்கும், வேரும் தண்டும் இலையும் இல்லாத பலவகை உயிர்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். அப்பொருளில் “நீலப்பச்சைப் பாசி” என்ற பெயர் பாடநூல்களில் நெடுநாளாக நிலைத்திருக்கிறது.

ஆகவே வாங்குபவரை ஏமாற்றும் நோக்கம் இதில் இல்லை, வழக்கில் உள்ள பெயரையே எழுதுகிறோம். ஆனால் சேர்மானப் பட்டியலில் “சுருள்பாசி (ஸ்பைருலினா) தூள்” என்று இரண்டு பெயர்களையும் எழுதச் சொல்வேன். முகப்பில் வழக்குச் சொல்லும் பின்புறத்தில் அடையாளம் காட்டும் பெயரும் இருந்தால் மாணவியும் பாட்டியும் ஒரே உறையைப் படித்துத் தெளியலாம்.

குழந்தைகள் பால்மாவில் “பாசி எண்ணெய்” என்று இருக்கிறது. அதையும் இந்தக் கணக்கில் வைப்பதா?

அது டிஎச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பு அமிலத்துக்காகச் சேர்க்கப்படுவது. கிரிப்தெகோடினியம், ஷைசோகைட்ரியம் போன்ற நுண்ணுயிர்களைப் பெரிய கலன்களில் வளர்த்து எண்ணெயைப் பிரித்தெடுக்கிறார்கள். மீனுக்கு டிஎச்ஏ கிடைப்பதும் முதலில் இத்தகைய நுண்ணுயிர்களிடமிருந்துதான். ஷைசோகைட்ரியம் ஒளியைக் கொண்டு உணவாக்குவதில்லை. முந்தைய விடையில் சொன்ன பொதுவரையறைக்குள்கூட அது முழுமையாகப் பொருந்தாது. எனினும் வணிகத்தில் பாசி எண்ணெய் என்றே வழங்குகிறது.

எண்ணெய் மட்டுமே சேர்ந்திருப்பதால் பாசியின் புரதமோ இரும்போ அதில் இல்லை. எனவே “பாசி சேர்த்த பால்மாவு” என்று சொல்லாமல், “பாசி எண்ணெய் சேர்த்த” என்று சொல்ல வேண்டும். 406, 407 எண்களைப் பற்றிச் சொன்ன அதே காரணம் இங்கும் பொருந்தும்.

பாசியை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். “பாசி சேர்க்கப்படாதது” என்று போட்டால் எங்கள் மாவு நன்றாக விற்குமே, போடலாமா?

போட வேண்டாம் என்பதே என் விடை. சத்துமாவில் இயல்பாகப் பாசி இருப்பதில்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று முகப்பில் அச்சிட்டால், பக்கத்துக் கடையின் மாவில் ஏதோ தீங்கு இருப்பதாகப் படிப்பவர் எண்ணிவிடுவார். பக்கத்துக் கடைக்காரரும் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு குழுவினர்தான். ஒரே கூடத்தில் இரண்டு வகை மாவும் அரைக்கிறீர்கள், இரண்டும் மாறிப்போகக்கூடாது என்பதுதான் கவலை என்றால், பாசி சேர்த்ததன் முகப்பில் மட்டும் சதவீதத்தோடு அதைக் குறிப்பிட்டு, மற்றதில் “ராகி சத்துமாவு” என்று பெயரை மட்டும் எழுதினால் போதும். அரைக்கும் இயந்திரத்தை இடையில் சுத்தம் செய்யாவிட்டால் “சேர்க்கப்படாதது” என்ற சொல் உண்மையும் ஆகாது.